திருகிப் பார்க்காதீர்கள்

எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாயில், படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கும் ஜாயிண்ட்டை நேற்று வரை திருகிப் பார்க்காத மனிதர் எங்கள் தெருவில் யாரும் மிச்சமில்லை. பால்காரர் திருகிவிட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி, சிலிண்டரை இறக்கிவைக்கும் முன்பே திருகிவிட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒரு பெரியவர், அவர் எந்த வழியில் உறவு என்று அம்மாவுக்கே சரியாகத் தெரியாது, தாம்பூலத் தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையால் திருகிவிட்டு, "சுத்துதே தம்பி" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் என்னிடம் சொன்னார்.

சுற்றத்தான் செய்யும். அது பசையில்லாமல் குழாயை உள்ளே தள்ளி மாட்டும் புஷ்ஃபிட் ஜாதி இணைப்பு, சுற்றும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. இதை நான் தமிழில் சொல்லியாயிற்று, கையால் காட்டியாயிற்று, காகிதத்தில் படம் வரைந்தும் விளக்கியாயிற்று.

ஆடி அமாவாசைக்கு, ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் வீடு என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியபோது, மண்டபத்தில் இறங்கி மறுபடியும் பஸ் ஏற வேண்டுமே என்ற சலிப்பில், மதுரைச் சொந்தங்களில் பாதிப் பேர் வைகைக் கரையிலேயே எள்ளும் தண்ணீரும் இறைத்துக் கடமையை முடித்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். அந்தச் சலிப்பும் தீர்ந்தது. நடுவில் ஒரு பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும் பாலத்தையும் பார்த்துவிடலாம், அக்னி தீர்த்தத்திலும் முங்கிவிடலாம், தங்கச்சிமடத்தில் தங்கச்சி வீட்டில் இரண்டு வேளை உட்கார்ந்து சாப்பிடவும் செய்யலாம் என்று தாய்மாமன் தலைமையில் ஒரு படையே வந்து இறங்கியது.

அமாவாசைக்கு முந்தின நாள் விடியற்காலையில் குழாய் உடைந்தது. ஆடி மாதத்துக் கச்சான் காற்றுக்கு இந்தத் தீவில் எது தப்பும்? குழாயைச் சுவரோடு பிடித்திருந்த இரும்பு கிளாம்புகளை உப்புக்காற்று எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. பிடிமானம் இல்லாத குழாய் காற்றில் ஆடி ஆடி, திருப்பத்தில் குழாயை வளைத்து இணைத்திருந்த எல்போ வாயைத் திறந்துவிட்டது. அந்த எல்போ பல மாதங்களாகவே கசிந்துகொண்டிருந்தது என்பதும், கசிவுக்கு நேர் கீழே அம்மா மல்லிகை நாற்றுத் தொட்டிகளை வரிசையாக வைத்து அதை ஒரு பாசனத் திட்டமாகவே நடத்திவந்தார் என்பதும் அப்போதுதான் மாமாவுக்குத் தெரிந்தது. "சும்மா போற தண்ணிதானே, செடிக்காவது ஆகட்டும்" என்பது அம்மாவின் நியாயம். கசிவை நிறுத்தச் சொல்லி நான் பேசியபோதெல்லாம் நாற்றுகளுக்கு எதிரியாகவே பார்க்கப்பட்டேன்.

பிளம்பர் அண்ணனுக்குப் போன் செய்தேன். அமாவாசை நேரத்தில் ராமேஸ்வரத்து லாட்ஜுகள் அவரை விடுமா? "ஒவ்வொரு ரூமிலயும் ஒரு குழாய் போச்சு, அமாவாசை கழியட்டும், வாரேன்" என்று வைத்துவிட்டார். கடையில் எல்போவும் கிடைக்கும், ஒட்டும் சால்வென்ட்டும் கிடைக்கும். ஆனால் சால்வென்ட் பிடிக்க வேண்டுமானால் குழாய் காய்ந்திருக்க வேண்டும். எங்கள் தொட்டிக்கு அடியில் இருக்கும் கேட்வால்வோ, உள்ளே உப்புப் படிந்து, எவ்வளவு இறுக்கினாலும் நூல் போல ஒரு ஒழுக்கை விட்டுக்கொண்டே இருக்கும். தொட்டியைக் காலி செய்யலாம் என்றால், விருந்தாளிகள் குளிப்பதற்காக முந்தின இரவுதான் விளிம்பு வரை ஏற்றி வைத்திருந்தோம். எல்லாம் சரியாக அமைந்து ஒட்டினாலும், தண்ணீரைத் திறந்துவிடச் சில மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அத்தை அதற்குள் துண்டும் சோப்பு டப்பாவுமாகக் குளியலறை வாசலில் நின்றார்.

அப்போதுதான் மச்சான் கொண்டுவந்து வைத்த பெட்டி நினைவுக்கு வந்தது. மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து சென்ட்டும் கோடாலித் தைலமும் கொண்டுவருவார்கள். என் அக்காள் கணவர் கத்தாரில் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவர். ஒவ்வொரு விடுப்பிலும் ஒரு பிடி புஷ்ஃபிட் கனெக்டர்களைக் கொண்டுவந்து, நகைப் பெட்டியை ஒப்படைக்கிற பயபக்தியோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். குழாயை நேராக வெட்டி உள்ளே தள்ளினால் போதும், பசை வேண்டாம், மரை வேண்டாம், ஈரமாக இருந்தாலும் பாதகமில்லை. நம் வீடுகளில் ஆர்ஓ மெஷினுக்குள் வெள்ளை டியூபை அழுத்திச் செருகுகிறோமே, அதே தத்துவந்தான், உருவம் மட்டும் பெரிது.

பெட்டியில் கையை விட்டு அகப்பட்டதை எடுத்து மாட்டிவிட முடியாது. நம் ஊரில் முக்கால் இஞ்ச் என்று பெயர் சொன்னால் போதாது. முக்கால் இஞ்ச் வெள்ளை யுபிவிசி குழாயின் வெளிவிட்டம் 26.7 மில்லிமீட்டர், வெளிர்மஞ்சள் சிபிவிசி குழாய்க்கு அதே முக்கால் இஞ்ச் 22.2 மில்லிமீட்டர். மச்சானின் பெட்டியிலோ பிரிட்டிஷ் அளவுப்படி 22 மில்லிமீட்டர் என்று எழுதியவையும் கலந்து கிடந்தன. உடைந்தது சிபிவிசி. அதன் மேல் அச்சிட்டிருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, அதற்கென்றே செய்த பித்தளை எல்போவைப் பொறுக்கி எடுத்தேன். பக்கத்தில் நின்ற மாமாவின் காதில் அத்தனை விளக்கத்திலும் ஒரே ஒரு எண்தான் விழுந்தது. "இருபத்திரண்டா? கோயிலுக்குள்ள தீர்த்தமும் இருபத்திரண்டு. ராசியான நம்பர் மாப்ளே, தைரியமா மாட்டு" என்றார். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இரண்டுக்கு எந்தத் தீர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

வேலை என்று பார்த்தால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. வெட்டினேன், பிசிறு எடுத்தேன், எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அங்கே பேனாவால் கோடு போட்டேன், கோடு மறையும் வரை தள்ளினேன். கூடி நின்றவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். "பசை எங்கே?" என்றார் அத்தை. "நூலாவது சுத்துவாங்களே" என்றார் அம்மா. தண்ணீரைத் திறந்தேன். ஒரு சொட்டு இல்லை. அந்த நிம்மதியை நான் முழுதாக அனுபவிப்பதற்குள் மாமா கையை நீட்டி ஜாயிண்ட்டைப் பிடித்துத் திருகினார். அது சுற்றியது. வீடே ஒரு கணம் மூச்சை நிறுத்தியது.

உள்ளே எவர்சில்வர் பற்கள் வைத்த ஒரு வளையம் இருக்கிறது, குழாய் வெளியே வந்துவிடாமல் அதுதான் கவ்விப் பிடிக்கிறது. அதற்கும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையந்தான் தண்ணீரை நிறுத்துகிறது. சுற்றுவதைத் தடுப்பது இரண்டுக்குமே வேலையல்ல என்று விளக்கினேன். நல்ல வேளையாகப் பல் கவ்வும் இடம் வேறு, ரப்பர் உட்காரும் இடம் வேறு, அதனால் இத்தனை பேர் திருகியும் அது தாங்கியது. அதற்காக, ஒரு பிளாஸ்டிக் குழாயின் மேல் எவர்சில்வர் பல்லை நாளெல்லாம் சுற்றவிடுவது புத்திசாலித்தனமா என்று கேட்டால், கேட்பாரில்லை. மாமா அந்த எல்போ வந்த அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து, விளிம்பு வளையத்தை உள்ளே அழுத்தினால் குழாயைக் கழற்றவும் செய்யலாம் என்ற உண்மையைக் கண்டுபிடித்து உரக்க அறிவித்தார். அன்று மாலை வரை வீட்டுப் பிள்ளைகளை அந்தப் படிக்கட்டிலிருந்து இறக்க முடியவில்லை.

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அடுப்படிக் குழாயில் இதே பிளம்பர் அண்ணன் சால்வென்ட் வைத்து ஒட்டிய ஜாயிண்ட் ஒன்று இருக்கிறது. அது ஒட்டிய நாளிலிருந்து சொட்டுகிறது. அதற்கு அடியில் ஒரு கிண்ணம் நிரந்தரமாக வாசம் செய்கிறது, கிண்ணத்தை யார் கொட்டுவது என்று முறை கூட உண்டு. அதை யாரும் திருகிப் பார்த்ததில்லை, சந்தேகப்பட்டதில்லை. சொட்டாத என் ஜாயிண்ட்டுக்குக் கீழே மட்டும் அன்று இரவு அம்மா ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். காலையில் வாளி காய்ந்து கிடந்ததைக் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி காத்து எப்படி அடிச்சுது, ஆவியாப் போயிருக்கும்" என்றார்.

அமாவாசையன்று எல்லோரும் கடலில் முங்கி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாக வாங்கி நனைந்து, மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் தயாராக இருக்கிறது, குளியுங்கள் என்றேன். தீர்த்தமாடிய உடம்பில் வீட்டுத் தண்ணீர் பட்டால் புண்ணியம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று அத்தை சட்டம் சொல்லிவிட்டார். மண் படிந்த காலைக் கழுவியதோடு சரி. விளிம்பு வரை நிரம்பிய தொட்டி அப்படியே இருந்தது. சாயங்கால ரயிலுக்குப் புறப்படும் முன் மாமா மட்டும் படிக்கட்டில் ஏறி, ஒரு முறை திருகி, திருப்தியில்லாமல் இறங்கினார்.

அதன் பிறகு, பொறுக்க முடியாமல், ஒரு அட்டையில் "திருகிப் பார்க்காதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன். அதுவரை அப்படி ஒரு ஜாயிண்ட் இருப்பதே தெரியாத எதிர்வீட்டு அக்கா, அட்டையைப் படித்துவிட்டு வந்து திருகினார்.

இன்று காலையில்தான் பிளம்பர் அண்ணன் வந்தார். உள்ளபடியே சொல்ல வேண்டும், அவர் ஒருவர்தான் திருகவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, விளிம்பில் பேனாக் கோடு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். "முழுசா உள்ள போயிருக்கு. நேரா வெட்டியிருக்கீக. ஒண்ணும் ஆகாது" என்றார். இத்தனை நாளில் என் காதில் விழுந்த முதல் நல்ல சொல் அது. நான் அதை மென்று விழுங்குவதற்குள் அம்மா வந்துவிட்டார். "எனக்கு ராத்திரியில தூக்கமே வரலப்பா. ஒன் கை பட்ட மாதிரி இருக்கட்டும், ஏதாச்சும் பண்ணிட்டுப் போ." அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு பையிலிருந்து, பிசைந்து அப்பினால் கல்லாக இறுகும் எம்சீல் பசையை எடுத்தார். இரண்டு நிறத் துண்டுகளையும் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, பித்தளையே தெரியாதபடி சுற்றிலும் அப்பினார்.

"இதைக் கழற்றி மாட்டலாம் என்பதுதானே இதில் விசேஷமே. இனி வெட்டித்தானே எடுக்க வேண்டும்?" என்றேன்.

"கழட்டுறதுக்கா மாட்டினே?" என்றார் அம்மா.

பிளம்பர் அண்ணன் கூலி வேண்டாம் என்று மறுத்தார். அம்மா கட்டாயப்படுத்திக் கொடுத்ததோடு, இரண்டு மல்லிகை நாற்றையும் தாளில் சுற்றிக் கொடுத்தார். அடுப்படி ஜாயிண்ட்டையும் ஒரு கை பார்க்கலாமே என்று நான் ஆரம்பித்தேன். "அது பாட்டுக்கு இருக்கு, அதை ஏன் நோண்டுறே" என்று அடக்கிவிட்டார்கள்.

மத்தியானம் மச்சான் வீடியோவில் கூப்பிட்டார். அக்கா சொல்லிவிட்டிருக்கிறாள் போலும். குரலில் அப்படி ஒரு பெருமிதம். "நம்ம ஃபிட்டிங்தான் அமாவாசையைக் காப்பாத்துச்சாமே மாப்ளே, காட்டு பார்க்கலாம்" என்றார். போனைத் திருப்பி, சாம்பல் நிறத்தில் உருண்டு திரண்டு நிற்கும் அதைக் காட்டினேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இது எந்தக் கம்பெனி மாடல் மாப்ளே? கத்தார்ல நான் பார்த்ததே இல்லையே" என்றார்.

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "நம்ம ஊர் ஆளு செஞ்சது மாப்பிள்ளை. இப்ப பாருங்க" என்று சொல்லிவிட்டு, போனை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் அதைத் திருகிக் காட்டினார்.