கிளான்சாவுக்கு எந்த ஈசியூ? – முறிகண்டி தாண்டவேண்டிய ஒரு டியூனிங்

கார் டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா வி, இபி91. என்ஜின் 4இ-எஃப்டிஇ, 1331 சிசி, சிடி9 டர்போ, பற்றவைப்பு டிஸ்ட்ரிபியூட்டரில். கம்பனியிலிருந்து வந்தபோது 135 குதிரைவலு. இலக்கு 165, பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றமுக்கம்) 0.9 பார், பெற்றோல் 95 ஒக்டேன். ஏசி வேலை செய்யவேண்டும், புகைப் பரிசோதனையும் பாஸாக வேண்டும்.

இதெல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை இருந்தது. பூஸ்ட் பகுதியை டைனோவில்தான் (உருளையில் காரை ஓட்டி வலுவை அளக்கும் மெஷின்) பார்ப்பது என்று முடிவு, டைனோ கொழும்புப் பக்கம். அதாவது, டியூன் பண்ணப் போவதற்கே கார் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதி வழியாகக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் ஓடவேண்டும், ஏசியும் போட்டுக்கொண்டு. ஐடிலும் (கார் நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) குரூசும் (சீரான ஓட்டம்) சூட்டில் ஸ்டார்ட் எடுப்பதும் யாழ்ப்பாணத்திலேயே முடிந்தாக வேண்டும். எந்த ஈசியூ, அதாவது பெற்றோலையும் பற்றவைப்பையும் கட்டுப்படுத்தும் பெட்டி, நல்லது என்பதைவிட, எந்தப் பெட்டியை இங்கேயே வைத்து நாமே அந்த அளவுக்குக் கொண்டுவரலாம் என்பதுதான் கேள்வி.

0.75 பார் வரை மட்டும் போதுமென்றால் கம்பனி ஈசியூவைத் தொடத் தேவையில்லை. அதற்கு மேலே, 0.8 பாரைச் சற்றுத் தாண்டியதும் அது பெற்றோலை வெட்டும். அதை ஏமாற்ற மேப் சென்சரின் (உள்ளே போகும் காற்றின் அமுக்கத்தை அளப்பது) வோல்ற்றை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தும் சின்னப் பெட்டி ஒன்று விற்கிறார்கள். காற்று 0.9 பாருக்குப் போகும், பெற்றோல் 0.8 பாருக்குரியதுதான் வரும். பிஸ்டன் உருகுவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

1ஆம், 2ஆம் கிழமை: பிக்கிபேக்

பிக்கிபேக் என்பது கம்பனி ஈசியூவுக்கு முன்னால் நின்று சிக்னலை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. முதலில் இன்ஜெக்டர் (பெற்றோல் பீச்சும் முனை) கணக்கு. டர்போ என்ஜினுக்கு ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு 270 கிராம் பெற்றோல் என்று வைத்தால், 165க்கு 44.5 கிலோ. நாலாகப் பிரித்து, டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கு) 80 சதவீதத்துக்குள் நிற்கவேண்டுமென்றால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 315 சிசி. பழைய இன்ஜெக்டர்கள் கிளீனிங் மெஷினில் 300க்குச் சற்றுக் கீழே காட்டின. பற்றாது. 440 சிசி, ஹை இம்பீடன்ஸ் போட்டாயிற்று. மீற்றரில் 12 ஓமுக்கு மேலே காட்டினால் ஹை. 2, 3 ஓம் என்றால் லோ, அதற்குத் தொடரில் ரெசிஸ்டர் வேண்டும்.

இன்ஜெக்டர் பெரிதானதும் பிக்கிபேக் என்ன செய்கிறது? மேப் சிக்னலை 32 சதவீதம் குறைத்து ஈசியூவிடம் கொடுக்கிறது. பெற்றோல் சரியாகிவிடுகிறது. ஆனால் அதே சிக்னலை வைத்துத்தான் ஈசியூ இக்னிஷன் டைமிங்கும் எடுக்கிறது. 0.9 பார் பூஸ்டில், வெளிக்காற்றின் அமுக்கத்தோடு சேர்த்து, உண்மையில் 190 கிலோபாஸ்கல் நிற்கும்போது அதற்குத் தெரிவது 130. ஆகவே 130க்குரிய அட்வான்ஸைக் (முன்கூட்டியே பற்றவைக்கும் அளவு) கொடுக்கும். லோட் இல்லாமல் 3000இல் பிடித்து டைமிங் லைற் அடித்தபோதே 4 டிகிரி முன்னால் நின்றது. டைமிங்கையும் தனியாகப் பின்னுக்கு இழுக்கும் பிக்கிபேக்குகள் உண்டு. ஆனால் ஒரு பொய்யைச் சமாளிக்க இன்னொரு பொய் சொல்லும் வேலை அது. இரண்டு கிழமையோடு கழற்றியாயிற்று.

முழு ஈசியூ: தெரிவு

மேசைக்கு வந்தவை மூன்று. நியூசிலாந்தின் லிங்க், போலந்தின் ஈசியூமாஸ்டர் ஈஎம்யூ பிளாக், திறந்த மூலத்தில் ஸ்பீடுயினோ. காசு ஒரு பொருட்டில்லை என்றால் ஈஎம்யூ பிளாக்தான்: வைட்பேண்ட் (புகையை வைத்துக் காற்று, பெற்றோல் கலவையை அளக்கும் சென்சர்) கன்ட்ரோலர், நொக் (கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம்) கேட்கும் சுற்று, 4 பார் மேப் சென்சர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. வெளியே தொங்கும் வயர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, அதுவும் உப்புக்காற்று அடிக்கிற ஊரில்.

எடுத்தது ஸ்பீடுயினோ. அடிப்படை ஆர்டுயினோ மெகா 2560. அதை இலத்திரனியல் சாமான் விற்கும் கடையில் வாங்கலாம். டிரைவர் மொஸ்பெற் எரிந்தால் சோல்டரிங் அயனோடு அரை மணித்தியால வேலை. மற்றவை பழுதானால் பார்சல் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறை: போர்டில் நொக் கேட்கும் சுற்று இல்லை. மேப் சென்சர் எம்பிஎக்ஸ்4250, 250 கிலோபாஸ்கல் வரை, 0.9 பாருக்கு 190 போதும். டியூனிங் மென்பொருளான டியூனர்ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பில் விஈ டேபிளைத் (பெற்றோல் அளவுக்கான அட்டவணை) தானாகத் திருத்தும் வசதி இல்லை. அந்தக் காசைக் கட்டிவிடுவது நல்லது, மிச்சமாகும் பெற்றோலுக்கே சரி.

3ஆம் கிழமையிலிருந்து: வயரிங்

காரின் வயரிங்கை வெட்டவில்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுத்த ஒரு செத்த ஈசியூவின் சொக்கற்றைக் கழற்றி இடைவயர் ஒன்று கட்டியது. இதனால் பத்து நிமிடத்தில் பழைய ஈசியூவுக்குத் திரும்பலாம். பழைய இன்ஜெக்டர்களும் டிக்கியில் இருக்கவேண்டும், 440ஐ வைத்து அது ஓடாது. இணைப்பெல்லாம் கிரிம்ப், மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங். முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு இங்கே ஒரு மாரிக்குள் பச்சை பிடித்துவிடும். சென்சர்களின் ஏர்த் ஈசியூவுக்கு மட்டும் போகவேண்டும், பொடிக்கு அல்ல. ஈசியூவின் பவர் ஏர்த் என்ஜின் புளொக்கில்.

கூலன்ற் சென்சர் அளவுகள்: 20 பாகையில் 2.45 கிலோஓம், 80 பாகையில் 0.32. தாளில் உள்ளதை நம்பாமல் ஐஸ், அறை வெப்பம், கொதிநீர் என்று மூன்று புள்ளியில் அளந்து போட்டால் பிறகு தலையிடி இல்லை.

வைட்பேண்ட் எல்எஸ்யூ 4.9. டர்போவுக்குப் பிறகு, கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 பாகை சரிவில். படுக்கவைத்தால் ஈரம் உள்ளே தேங்கிச் செராமிக் வெடிக்கும். கரண்ட் கொடுக்காமல் என்ஜினை ஓட்டினாலும் சென்சர் போச்சு. அதற்கு முன்னால் எங்கேயாவது எக்ஸோஸ்ட் லீக் இருந்தால் பெற்றோல் குறைவாகக் காட்டும். அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

முதல் ஸ்டார்ட்

இன்ஜெக்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத் திறப்பைத் திருப்பவேண்டும். முதலில் பார்க்கவேண்டியது இக்னிஷன் அவுட்புட் திசை. அது மாறியிருந்தால் திறப்புப் போட்ட கணத்திலிருந்து கொயில் சார்ஜிலேயே நிற்கும். ஒரு நிமிடத்தில் கை வைக்க ஏலாத சூடு.

பிறகு டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி லைற் அடித்தது. 1000இல் 10, 3000இல் 6. ஆர்பிஎம் ஏற ஏறப் பின்னுக்குப் போனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் கொயிலின் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றியதும் 4000 வரை அசையவில்லை. இது சரியாகாமல் ஒரு டேபிளையும் தொடக்கூடாது. திரையில் தெரியும் டிகிரி வேறு, என்ஜினில் உள்ள டிகிரி வேறு.

ரெக்வயர்ட் பியூவல் (சிலிண்டர் ஒன்று நிரம்பும்போது இன்ஜெக்டர் திறந்திருக்கவேண்டிய நேரம்) 440 சிசிக்கு 5.0 மில்லிசெக்கன். இன்ஜெக்டர் டெட் டைம் (சிக்னல் வந்தபின் திறக்க எடுக்கும் நேரம்) 14 வோல்ற்றில் 1.0. வோல்ற் குறையும்போது இது கூடவேண்டும், அந்த வளைவை வடிவாகப் போடாவிட்டால் இரவில் லைற், விசிறி, ஏசி மூன்றும் சேர்ந்த நேரத்தில் ஐடில் தள்ளாடும்.

முறிகண்டிச் சோதனை

குரூஸ் கலவை 14.7க்கு (ஒரு பங்கு பெற்றோலுக்கு இத்தனை பங்கு காற்று) வந்தபிறகு முதல் நீண்ட ஓட்டம் முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரை. ஏ9இல் போகிறவர்கள் எப்படியும் நிற்கும் இடம். நிறுத்தி, தேங்காய் உடைத்து, பத்து நிமிடத்தில் திரும்பி ஸ்டார்ட் பண்ணினால் என்ஜின் திக்கித்திக்கி ஓடுகிறது. லொக்கில் (ஈசியூவின் பதிவு) காற்று வெப்பம் 65 பாகை. உண்மையில் உள்ளே போகும் காற்று 40க்குக் கிட்ட. கிளான்சாவின் இன்டர்கூலர் (டர்போ காற்றை ஆற்றுவது) என்ஜினுக்கு மேலேயே குந்தியிருக்கிறது. அதன் அடியில் பொருத்திய சென்சர் காற்றை அல்ல, அலுமினியத்தை அளக்கிறது. 65 என்று நம்பிய ஈசியூ கிட்டத்தட்ட 7 சதவீதம் பெற்றோலைக் குறைத்துவிடும்.

திறந்த முனையுள்ள பிளாஸ்டிக் உடம்புச் சென்சரை த்ரொட்டிலுக்கு முந்திய ரப்பர் குழாய்க்கு மாற்றியது. 55 பாகைக்கு மேலே திருத்தத்தையும் பாதியாக்கியது. அடுத்த முறை அதே இடத்தில் ஒரே திருப்பில் எடுத்தது.

ஏசியை மறக்கிறவர்கள் அதிகம். ஈசியூவைக் கழற்றியதும் ஏசி கேட்கும் சிக்னல், கிளச் ரிலே, ஐடில் கூட்டல் எல்லாம் சேர்ந்தே போய்விடும். கிளச் விழுவதற்கு 0.3 செக்கன் முன்னால் ஐடில் வால்வு திறக்கவேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் 850இலிருந்து 600க்கு விழுந்து எழும்பும்.

டைனோ

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்தது, இடைவெளி 0.7 மில்லிமீற்றர். பெற்றோல் அமுக்கம் வக்கியூம் குழாய் கழற்றி 3.0 பார், 0.9 பூஸ்டில் 3.9 காட்டவேண்டும். 3.5இலேயே நின்றது, பழைய பம்ப். நல்லகாலம், புதியதைக் கையோடு கொண்டுபோயிருந்தோம்.

நொக் கேட்க, ஏசி வேலைக்காரர் பாவிக்கும் செப்புக் குழாயின் ஒரு நுனியைத் தட்டையாக்கிப் புளொக்கில் போல்ட் போட்டு, மறுநுனியில் ரப்பர் குழாய், அதில் காது மூடி. இலத்திரனியல் மைக் வைத்தால் எந்த அதிர்வெண் என்றும் தெரியவேண்டும்: 900ஐ பை, போரின் ஆரை இரண்டாலும் வகுத்தால், 74 மில்லிமீற்றர் போருக்கு 7.7 கிலோஹெர்ட்ஸ்.

டைமிங் டேபிளின் 190 கிலோபாஸ்கல் வரிசை 10 டிகிரியில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றியது. 14இல் வலு கூடுவது நின்றது, 15இல் ஒரு சின்னத் தட்டல். 13இல் விட்டது. கலவை 11.5. 6500இல் டியூட்டி 65 சதவீதம். 92 ஒக்டேன் மட்டும் கிடைக்கும் நாளுக்கு 0.6 பார், 3 டிகிரி பின்னே என்று இரண்டாவது டியூன் ஒன்று லப்டொப்பில் இருக்கிறது.

மிச்சம்: ரேடியேற்றர் விசிறியும் ஏசியும் ஒரே நேரத்தில் விழுந்தால் இன்னும் 700க்கு இறங்குகிறது. விசிறிக்கும் தனி ஐடில் கூட்டல் கொடுத்துப் பார்க்கவேண்டும்.