ஸ்டெண்ட் எந்தக் குழாய்லன்னு எழுதாம விட்டதால நாங்க பட்ட பாடு (ஈஆர்சிபி அனுபவம்)

வீட்ல யாருக்காவது ஈஆர்சிபி (வாய் வழியா எண்டோஸ்கோப் விட்டு, அதுலருந்து ஒயர் நுழைச்சு பித்தக்குழாய் அடைப்ப எடுக்குறது) பண்ணப் பார்த்து முடியலன்னு வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்கன்னா, டிஸ்சார்ஜ் சம்மரிய கையில வாங்குன உடனே அங்கயே உக்காந்து படிச்சிருங்க. "ஈஆர்சிபி ஃபெயில்டு, ரெஃபர்டு"ன்னு ஒத்த வரி மட்டும் இருந்துச்சுன்னா எந்திரிக்காதீங்க. எப்படி உள்ள போகப் பார்த்தாங்க, ஒயர் எந்தக் குழாய்க்குள்ள போச்சு, ஏதாவது அறுத்தாங்களா, ஸ்டெண்ட் (குழாய் அடைபடாம இருக்க வெக்கிற சின்ன டியூப்) மாதிரி எதையாவது உள்ள வெச்சுட்டு வந்தாங்களா, இது நாலும் எழுத்துல இருக்கணும். அது இல்லாம நாங்க பட்ட கஷ்டம் இன்னும் ஆறல, அந்தக் கடுப்புலதான் எழுதுறேன்.

நாங்க ஏற்காட்டுல நாகலூர் பக்கம். எங்க அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரரோட அம்மாவுக்கு, கண்ணு மஞ்சளாகி உடம்பெல்லாம் அரிப்பு, யூரின் டீ டிகாஷன் கலர்ல போச்சு. அக்கம்பக்கத்துல கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கச் சொன்னாங்க, அத்தையும் குடிச்சாங்க. கல்லு போய் குழாய அடைச்சிருக்கிறப்ப கீழாநெல்லி என்ன பண்ணும் பாவம். மலையிலருந்து இறங்கி சேலத்துல பிளட் டெஸ்ட், ஸ்கேன், எம்ஆர்சிபி (பித்தக்குழாயப் பாக்குற எம்ஆர்ஐ ஸ்கேன்) எல்லாம் பார்த்தாச்சு. பிலிரூபின் (ரத்தத்துல காமாலை அளவு) 11, பித்தக்குழாய் 14 மில்லிமீட்டருக்கு விரிஞ்சிருக்கு, அடியில கல்லு, பித்தப்பையிலயும் கல்லு. இதுவரைக்கும் எல்லாம் மளமளன்னு நடந்துச்சு.

முதல்ல சேத்த ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். காலைல தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க, ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்து "பித்தக்குழாய்க்குள்ள போக முடியலம்மா, பெரிய சென்டருக்குப் போங்க"ன்னாங்க. ஏன் முடியலன்னு கேட்டா "வழி கிடைக்கல", அவ்ளோதான் பதில். அன்னிக்கு ராத்திரி அத்தைக்கு லேசா வயித்துவலி வேற, நல்லவேளை அமிலேஸ் (கணையம் வீங்குனா ரத்தத்துல ஏறுறது) பெருசா ஏறல. டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பிட்டாங்க, எம்ஆர்சிபி சிடி மட்டும் ரேடியாலஜிலயே தங்கிடுச்சு. கோடை விழா நேரம் வேற, மலை ரோட்ல வண்டிய எல்லாம் குப்பனூர் பக்கம் திருப்பி விட்டுட்டு இருந்தாங்க, சிடிக்காக வீட்டுக்காரர் சுத்தி சுத்தி வந்து இறங்கினா ரெக்கார்ட் பிரிவுல இருந்தவர் "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, திங்கக்கிழமை பாக்கலாம்"ங்கறார். மஞ்சக்காமாலைக்கு திங்கக்கிழமை தெரியுமா?

ரெண்டாவது ஆஸ்பத்திரியும் சேலம்தான். அங்க இருந்த கேஸ்ட்ரோ டாக்டர் சம்மரிய முன்னாடியும் பின்னாடியும் திருப்பிப் பார்த்துட்டு "இதுல ஒண்ணுமே இல்லயேம்மா"ன்னார். அப்புறம் லேப் கவர் பின்னாடி படம் போட்டு சொன்னார். ஒரே தெருவாசல், உள்ள போனா ரெண்டு வீடு, அந்த மாதிரி குடல்ல ஒரு சின்ன மொட்டு, பாப்பிலான்னு பேரு, அதுக்குள்ளதான் பித்தக்குழாயும் கணையக்குழாயும் வந்து சேருது. கணையக்குழாய் கிட்டத்தட்ட நேரா போகும், பித்தக்குழாய் மேல பாத்து வளைஞ்சு போகும். அதனால ஒயர நீட்டுனா பல பேருக்கு கணையத்துக்குள்ளதான் நுழையுமாம். திரும்பத் திரும்ப அங்க குத்துனா கணையம் வீங்கிக்கும். ஈஆர்சிபிக்கு அப்புறம் கணைய அழற்சி வர்றது நூத்துக்கு 3லருந்து 10 பேருக்காம்.

நான் விடாம கேட்டேன், அவரும் சலிக்காம சொன்னார். முதல்ல எக்ஸ்ரேல தெரியுற மருந்தப் பீச்சாம மெல்லிசான கைடு ஒயர வெச்சு வழி தேடுவாங்க, இதுல கணையத்துக்கு ஆபத்து கம்மி. 5 நிமிஷம் தாண்டியும் ஆகல, இல்ல 5 தடவைக்கு மேல மொட்டைத் தொட்டாச்சு, இல்ல ஒரு தடவைக்கு மேல ஒயர் கணையத்துக்குள்ள போயிடுச்சுன்னா அது கஷ்டமான கேஸ், அதையே செய்யாம வழிய மாத்தணும்னு ஐரோப்பிய கைட்லைன் சொல்லுதாம். ஒயர் கணையத்துக்குள்ளயே போகுதுன்னா அத அங்கயே விட்டுட்டு பக்கத்துல இன்னொரு ஒயர் விடுறது ஒரு வழி, டபுள் ஒயர்ம்பாங்க. இப்படிப் பண்ணா கணையத்துல சின்ன ஸ்டெண்ட் வெச்சுட்டு வர்றது நல்லது. இன்னொண்ணு ப்ரீகட், ஊசி மாதிரி கத்தியால மொட்ட மேலருந்து கொஞ்சம் கொஞ்சமா அறுத்து பித்தக்குழாயத் திறக்குறது. மொட்டு நல்லா புடைச்சிருந்தா மொட்டோட வாய விட்டுட்டு அதுக்கு மேல ஓட்டை போடலாமாம், கணைய வாசல் பக்கமே போக வேண்டியதில்ல. ஆனா ரத்தக்கசிவு, குடல்ல ஓட்டைனு பயம் இருக்கு, கை பழகுனவங்கதான் செய்யணும். இதுவும் ஆகலன்னா எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்ட் வெச்சு வயித்துக்குள்ளருந்தே விரிஞ்ச பித்தக்குழாயக் குத்தி ஒயர மொட்டு வழியா வெளிய எடுக்குறது. கடைசியா வெளியருந்து கல்லீரல் வழியா டியூப் போடுற பிடிபிடி. "எது பெஸ்ட் சார்?"னு கேட்டேன். "எது பெஸ்ட்டுன்னு மொட்டுதான் சொல்லணும், முன்னாடி என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சா எனக்கு பாதி வேலை மிச்சம்"ன்னார்.

அதுக்குத்தான் ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க. பார்த்தா உள்ள ஒரு ஸ்டெண்ட்! எங்களுக்கு யாரும் சொல்லல, சம்மரிலயும் இல்ல. டாக்டர் படத்தப் பார்த்துட்டு "பித்தக்குழாய்ல இருந்தா மேல கல்லீரல் பக்கம் போகணும், இது முதுகெலும்பு பக்கம் போகுது, கணையத்துலதான் வெச்சிருக்காங்க"ன்னார். அப்ப அவங்க டபுள் ஒயர் முயற்சி பண்ணிருக்கணும்னு அவரே கணக்குப் போட்டுக்கிட்டார். ஒண்ணு சொல்லணும், அந்த ஸ்டெண்ட் வெச்சது தப்பே இல்ல, அத்தைக்கு கணையம் பெருசா வீங்காம போனதே அதனாலயா இருக்கலாம். அத எழுதாம விட்டதுதான் தப்பு.

இதுக்கப்புறம்தான் கூத்து. எக்ஸ்ரே ரிப்போர்ட்ல "ஸ்டெண்ட் உள்ளே உள்ளது"ன்னு மட்டும் போட்டு வந்துச்சா, இன்சூரன்ஸ் கவுண்டர்ல அத பார்த்துட்டு "ஏம்மா, ஏற்கெனவே ஸ்டெண்ட் வெச்சாச்சே, மறுபடி எதுக்கு ஈஆர்சிபி? அப்ரூவல் வராது"ங்கறாங்க. நான் அது கணையம்ங்கறேன், அவங்க ஸ்டெண்ட்னா ஸ்டெண்ட்தானேங்கறாங்க. கவுண்டர்ல பழைய ஆஸ்பத்திரி ப்ரொசீஜர் நோட் கொண்டாங்கன்னாங்க, பழைய ஆஸ்பத்திரில கேட்டா சம்மரிதான் குடுத்தாச்சேன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அத்தை வீல்சேர்ல உக்காந்துட்டு "விடு கண்ணு, வீட்டுக்கே போலாம்"னு அரிப்ப சொறிஞ்சுக்கிட்டே சொல்றாங்க.

கடைசில டாக்டர்கிட்டயே போய் நின்னேன். அவர் லெட்டர்பேடுல கணையக்குழாய்ல பாதுகாப்புக்கு வெச்ச ஸ்டெண்ட் இது, பித்தக்குழாய் இன்னும் அடைச்சுதான் இருக்கு, பிலிரூபின் ஏறிட்டே இருக்குன்னு எழுதி, எக்ஸ்ரேல அம்புக்குறி போட்டு, அன்னிக்கு எடுத்த ரத்த ரிசல்ட்டையும் சேத்து பின் அடிச்சுக் குடுத்தார். சாயங்காலத்துக்குள்ள அப்ரூவல் வந்துச்சு. அந்தக் கவுண்டர் அம்மாவ ஒரு பார்வை பார்த்தேன் பாருங்க!

முந்தின தடவை பட்ட வீக்கம் குறையட்டும்னு ரெண்டு மூணு நாள் விட்டுத்தான் செஞ்சாங்க. காய்ச்சல், குளிர் இல்லாததால காத்திருக்க முடிஞ்சுது, அது வந்தா குழாய்ல கிருமின்னு அர்த்தம், ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. அந்தக் கணைய ஸ்டெண்டே கைகுடுத்துச்சு, அதுக்கு மேல வெச்சே ஊசிக்கத்தியால அறுத்து பித்தக்குழாயப் புடிச்சிட்டாங்க. பலூன் விட்டு கல்ல எடுத்து, பித்தக்குழாய்ல பிளாஸ்டிக் ஸ்டெண்ட் போட்டாச்சு.

போறதுக்கு முன்னாடி சிலது கேட்டு வெச்சுக்கோங்க. பிளட் தின்னர் மாத்திரை போடுறவங்கன்னா நீங்களா நிறுத்தாதீங்க, இதய டாக்டர்கிட்டயும் கேட்டுத்தான். பிடி ஐஎன்ஆர் பார்த்தாச்சான்னு கேளுங்க, காமாலைல ரத்தம் உறையிறது தாமதமாகலாம். கணையம் வீங்காம இருக்க டைக்ளோபெனக் இல்ல இண்டோமெத்தசின் 100 மில்லிகிராம் ஆசனவாய்ல வெப்பாங்க, கிட்னி பிரச்சனை, அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி முதுகு வரைக்கும் வயித்துவலி, கறுப்பா மலம், காய்ச்சல் எது வந்தாலும் நர்ஸ எழுப்புங்க, சங்கடப்படாதீங்க.

இந்த தடவை சம்மரி வந்ததும் நானே வரி வரியா படிச்சேன். "ஸ்டெண்ட் வைக்கப்பட்டது"ன்னு மட்டும்தான் டைப் பண்ணிருந்தாங்க. பித்தக்குழாய்ல, பிளாஸ்டிக், 3 மாசத்துக்குள்ள எடுக்கணும், கணைய ஸ்டெண்ட எடுத்தாச்சுன்னு அத்தனையும் சேத்து அடிச்சுக் குடுத்தாதான் போவேன்னு உக்காந்துட்டேன். டைப் பண்ற பையன் முனகிக்கிட்டே அடிச்சான். அடுத்து பித்தப்பை ஆபரேஷன், அதுக்கான அப்ரூவலுக்கு இதே பேப்பரோட கோடிங் (இன்சூரன்ஸுக்குப் போடுற சிகிச்சை நம்பர்) சரியா இருக்கான்னு நாளைக்குப் போய் பாக்கணும்.