சாவியைக் காணோம்

பல ஆண்டுகளுக்கு முன்பு, உடன் பணிபுரிந்த ஒருவருடைய தந்தை காலமான செய்தியை அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் தெரிவிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. 'நேற்றிரவு மறைந்தார்' என்று மனத்துக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே, அந்த 'மறைந்தார்' வரவேண்டிய இடத்தில் 'டிஸ்அப்பியர்ட்' என்று எழுதி மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன். காவல்துறையில் புகார் கொடுத்தாயிற்றா, தேடுவதற்கு ஆட்கள் வேண்டுமா என்று தமிழறியாத மேலாளர் சில நிமிடங்களிலேயே பதறிப்போய்க் கேட்டிருந்தார். இறப்பை நேரடியாகச் சொல்லாமல் நயமாகச் சொல்ல நாம் பயன்படுத்தும் மங்கல வழக்கு அந்த ஆங்கில வினைச்சொல்லுக்குக் கிடையாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது 'பாஸ்ட் அவே' என்றோ, நேரடியாக 'டைட்' என்றோதான் எழுத வேண்டும்.

அதன் பிறகுதான் 'டிஸ்அப்பியர்' என்ற இந்தச் சொல்லைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன். அகராதியைப் பார்த்தால் 'மறைதல்', 'காணாமல் போதல்' என்று இரண்டு பொருள்கள் கிடைக்கும். ஆனால் நாம் அன்றாடம் சொல்வது இவை இரண்டுமே அல்ல, 'காணோம்' என்பதுதான். மேசைமேல் வைத்த சாவி அங்கே இல்லையென்றால் 'சாவியைக் காணோம்' என்கிறோம். இலக்கணப்படி இது தன்மைப் பன்மை எதிர்மறை வினைமுற்று. 'நாங்கள் காண்கிலோம்' என்பதுதான் அதன் பொருள். தனியாக நின்று தேடுகிறவரும் அதையேதான் சொல்கிறார். அந்த வாக்கியத்தில் சாவி எதையும் செய்வதில்லை. 'ஐ' உருபு ஏற்றுச் செயப்படுபொருளாகச் சும்மா இருக்கிறது, காணத் தவறியது நம் கண். ஆங்கிலத்தில் இதே செய்தியை 'மை கீ ஹேஸ் டிஸ்அப்பியர்ட்' என்று சொல்லும்போது சாவி எழுவாயாகிவிடுகிறது, ஏதோ அதற்குக் கால் முளைத்துத் தானே நடந்து போனதைப்போல. 'ஐ லாஸ்ட் மை கீ' என்பவர் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறார். சாவி டிஸ்அப்பியர் ஆகிவிட்டது என்பவரோ, இங்கேதான் வைத்தேன், என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது என்கிறார். தொலைத்தவர்கள் பலரும் இரண்டாவது வாக்கியத்தை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அவர்களில் நானும் ஒருவன்.

நம்மவர்கள் அதிகமாகச் சறுக்குவது 'வாஸ் டிஸ்அப்பியர்ட்' என்ற இடத்தில். 'காணாமல் போய்விட்டது' என்று இரண்டு மூன்று வினைகளைக் கோத்துப் பேசிப் பழகிய நமக்கு, ஆங்கிலத்தில் ஒற்றை வினையோடு நிறுத்தினால் ஏதோ குறைவதுபோல் தோன்றுகிறது. உடனே ஒரு 'வாஸ்' சேர்த்துவிடுகிறோம். தமிழில் 'மறைந்தான்' என்று தன்வினையும் 'மறைத்தான்' என்று பிறவினையும் அடுத்தடுத்து இருப்பதும் இன்னொரு காரணமாக இருக்கலாம். ந்த் என்பதை த்த் ஆக்கினால் போதும், மறைந்த பொருள் மறைக்கப்பட்ட பொருளாகிவிடும். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வளவு எளிதான இணை கிடையாது. ஒருவர் ஒன்றை மறைத்தார் என்றால் 'ஹைட்' என்று வேறு வினைக்குப் போக வேண்டும். வித்தைக்காரர் நாணயத்தை மறையச் செய்தார் என்றால் 'மேட் இட் டிஸ்அப்பியர்' என்று 'மேக்' என்பதைத் துணைக்கு அழைக்க வேண்டும். செயப்படுபொருள் ஏற்காத வினைக்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை என்ற பள்ளிக்கூட விதி இங்கே சரியாகவே பொருந்துகிறது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்த விதி வேண்டுமென்றே மீறப்படுகிறது. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவை ஆண்ட இராணுவ அரசு பிடித்துச்சென்று, பின்பு தடயமே இல்லாமல் செய்துவிட்டவர்களை அந்நாட்டினர் ஸ்பானிய மொழியில் 'தெசபரெசிதோஸ்' என்று அழைத்தனர். இந்த வழக்கின் தாக்கத்தால் ஆங்கிலத்திலும் 'தி டிஸ்அப்பியர்ட்' என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராயிற்று. 'ஹி வாஸ் டிஸ்அப்பியர்ட்' என்று எழுதினால் அது பிழையாகாமல் குற்றச்சாட்டாகிறது. இலங்கையில் தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் 'காணாமல் போனோர்' என்ற சொல்லை ஏற்காமல், 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று வற்புறுத்திச் சொல்வதும் இதே காரணத்தால்தான். போனவர்கள் தாமாகப் போகவில்லை, செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை 'ஆக்கப்பட்டோர்' என்ற அந்த ஒரு சொல் தாங்கி நிற்கிறது. இதைக் குறித்த ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தது.

அன்றாடப் பேச்சுக்குத் திரும்பினால், எஞ்சியிருப்பவை சிறிய செய்திகள்தாம். கதிரவன் மேகத்தின் பின்னால் போனால் 'டிஸ்அப்பியர்' என்பதை அடுத்து வருவது 'பிஹைண்ட்', ஒருவர் கூட்டத்துக்குள் கலந்தால் 'இன்டு', பட்டியலிலிருந்து பெயர் போனால் 'ஃப்ரம்'. இன்னும் கிடைக்கவில்லை என்றால் 'ஹேஸ் டிஸ்அப்பியர்ட்' என்பது பொருந்தும். 'வானிஷ்' என்பது இதற்கு நெருங்கிய உறவு என்றாலும், திடீரென்று, மாயம்போல, சுவடே இல்லாமல் போவதற்கே அது அதிகம் பொருந்துகிறது; வெறுமை என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து போன இருமலுக்கு வானிஷ் என்றால் சற்று மிகையாக இருக்கும். மாதச் சம்பளத்துக்கு எது பொருத்தம் என்பதை அவரவர் அனுபவத்துக்கு விட்டுவிடுகிறேன்.

நெடுநாள் கழித்துச் சந்திக்கும் நண்பரிடம் 'ஆளையே காணோமே' என்கிறோமே, அதற்கு இந்த வினை அழகாக ஈடுகொடுக்கிறது. 'வேர் டிட் யூ டிஸ்அப்பியர் டு?' என்று கேட்டால் அதே உரிமையும் அதே செல்லக் கோபமும் அதில் இருக்கும். கடைசியில் வரும் அந்த 'டு' என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டாலும் பொருள் புரியும், ஆனால் எந்த இடத்துக்குப் போனாய் என்ற விசாரிப்பு அந்த ஒற்றை அசையில்தான் இருக்கிறது.

எழுத்துக்கூட்டலில் எஸ் ஒன்று, பி இரண்டு. அண்மையில் அந்தப் பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எஸ் இரண்டும் பி ஒன்றுமாக எழுதியிருக்கிறேன்.