முதல் பந்தியில் ஓர் இடம்

நீண்ட காலம் குடித்தனம் நடத்திய பெண்களிடம் கணவரைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரு குறையைத்தான் முதலில் எடுத்துச் சொல்வார்கள். அந்தக் குறையும் நேற்றோ முந்தாநாளோ முளைத்ததாக இருக்காது. என்னுடையது 1986-ஆம் ஆண்டு ஆவணி மாதம், எங்கள் கல்யாணத்தன்றே, திருவந்திபுரத்தில் பிறந்தது. அப்போது என் கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

திருவந்திபுரத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றங்கரையில், நடுநாட்டுத் திவ்ய தேசங்கள் இரண்டில் ஒன்றான தேவநாதப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதற்கு எதிரே ஔஷதகிரி என்கிற சிறு குன்றின்மேல் ஹயக்ரீவர் எழுந்தருளியிருக்கிறார். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளும் முகூர்த்த நாளில் மாப்பிள்ளை பெண்களுமாக அந்தக் குன்று நிரம்பி வழியும். 'நல்ல இடம் அமைந்தால் உன் மலையிலேயே தாலி கட்டுகிறோம்' என்று பெருமாளிடம் வேண்டிக்கொள்ளாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு என்பதால், பெரிய முகூர்த்தம் ஒன்றில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடந்தாலும் உள்ளூர்க்காரர் யாரும் வியப்பதில்லை. அன்றைக்குப் பேருந்தில் போகாமல் இருப்பதுதான் நல்லது என்று மட்டும் சொல்வார்கள். மேலே தாலியைக் கட்டிவிட்டு, சுற்றியுள்ள தெருக்களில் பிடித்து வைத்திருக்கும் மண்டபத்துக்கு இறங்கி வந்து சாப்பிடுவது வழக்கம்.

நாங்களும் அப்படித்தான் இறங்கி வந்தோம். வந்ததும் மாப்பிள்ளையைக் காணவில்லை. அவருடைய கூட்டாளிகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் ஓமப் புகையில் எரிந்த கண்ணோடும், வியர்வையில் நனைந்த கூறைப் புடவையோடும், முந்தைய இரவிலிருந்து காய்ந்த வயிற்றோடும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இலை போட்டபோது மூன்றாவது பந்தி முடியும் நேரம், பாயசம் தீர்ந்துவிட்டது. 'பாயசம் இல்லையா?' என்று நான் பக்கத்தில் இருந்த என் அக்காவிடம் மெல்லக் கேட்டது அவருடைய அத்தையின் காதில் விழுந்து, 'பொண்ணு பசி தாங்காது போலிருக்கே' என்று அந்த அம்மாள் சொன்னதும், இலையில் இருந்த சோறும் இறங்கவில்லை. கை கழுவிவிட்டு வந்த என் கணவர், 'பாயசம் பிரமாதம், சாப்பிட்டியா?' என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

புதிதில் இதை நினைத்து அழுதிருக்கிறேன். பிறகு அழுகை நின்று, அது ஓர் ஆயுதமாயிற்று; அவர் தம் தங்கைக்குப் பட்டுப்புடவை எடுத்தாலும், என்னைக் கேட்காமல் சைக்கிளை விற்றாலும், வழக்கு சுற்றி வளைத்துத் திருவந்திபுரத்தில்தான் போய் நிற்கும். பிள்ளைகள் இருவரும் பிறந்து, பால், பள்ளிக்கூடம், அம்மை, அரைப்பரீட்சை என்று ஓடிய காலத்தில் அதை எடுத்துப் பார்க்கவே நேரம் இல்லாமல், பரண்மேல் கிடந்தது. 1993-இல் தென்னார்க்காடு மாவட்டத்தையே இரண்டாகப் பிரித்தார்கள்; நாங்கள் பிரியாமல் மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டிலேயே இருந்தோம். அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு குறை மறுபடி கீழே இறங்கியது. ஆனால் அதன் காரம் போய்விட்டிருந்தது. வந்தவர்களிடம் நான் சொல்லத் தொடங்கினால், 'பாயசம் தீர்ந்த இடத்தை நான் சொல்கிறேன்' என்று அவரே வாங்கி, அத்தையின் குரலில் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பார். என் குறையை என்னைவிட நன்றாகச் சொல்கிறாரே என்று அதிலும் எனக்கு ஓர் எரிச்சல் உண்டு.

குறைகள் ஆறினால் அந்த இடத்தில் அன்பு வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று இளம் வயதில் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் கணக்காக நடப்பதில்லை. கல்யாணமான புதிதில் அவர் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பழைய பாட்டுகளை முணுமுணுப்பதைக் கேட்க நான் படியில் வந்து உட்காருவேன். இப்போது அதே பாட்டை அதே தப்போடு அவர் தொடங்கினால் மிக்சியைப் போடுகிறேன். மாறாக, எதையும் இரண்டு முறை பூட்டி இழுத்துப் பார்க்கும் அவருடைய பழக்கம் என்னைப் பைத்தியமாக்கிக்கொண்டிருந்தது. அவர் ஊரில் இல்லாத இரவில் அந்த இழுக்கும் சத்தம் கேட்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

சண்டை போடும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பேச்சு நின்றால் பிள்ளைகள் தூது போவார்கள்: 'அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு', 'பசியில்லைன்னு அம்மாகிட்ட சொல்லு'. பிள்ளைகள் வேலைக்கும் புகுந்த வீட்டுக்கும் போன பிறகு தூதுக்கு ஆள் இல்லை. ஆகவே நான் மின்விசிறியைப் பார்த்து, 'சோறு ஆறுகிறது' என்று பொதுவாக அறிவிப்பேன். அவர் தினசரிக் காலண்டரைப் பார்த்து, 'ரசம் இருந்தால் போதும்' என்பார். அப்படிப்பட்ட நாட்களிலும் காலையில் என் காபி டம்ளருக்குப் பக்கத்தில், மருந்துப் புட்டியின் மூடியைக் கவிழ்த்துப்போட்டு, அதில் என் இரத்த அழுத்த மாத்திரை பிரித்து வைக்கப்பட்டிருக்கும். வைத்தவர் யார் என்று நான் கேட்டதில்லை.

இப்படிப் பேச்சு நின்றிருந்த நாட்களில் ஒன்றில்தான் 'தானே' என்று பெயரிட்ட புயல் வந்தது. தம்பி வாங்கிய கடனுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். இந்த முறை ஆயுளுக்கும் பேசுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, எங்கள் வாசற்கதவின் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. இருவரும் கதவுக்கு முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றோம். கதவின் அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து அவர், 'தரை வழுக்குது, செருப்பைப் போட்டுக்க' என்றார். 'ஜாமீன் போடும்போது வழுக்கலையா?' என்றேன். அவ்வளவுதான்; ஆயுள் விரதம் முறிந்தது. அதற்குப் பிறகு பல நாட்களுக்கு மின்சாரம் கிடையாது. கோபத்தைத் தொடர்ந்து நடத்துவதற்கு ஆளுக்கொரு அறையும் ஆளுக்கொரு விளக்கும் வேண்டும். எங்களிடம் ஒரே ஒரு மெழுகுவத்திதான் இருந்தது.

அந்தப் புயலில் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. என் அப்பாவின் கொல்லையிலும் அதே கதைதான். 'உங்க வீட்டுப் பலாப்பழம் வாசனைக்கே வாந்தி வரும்' என்று அதுவரை என் பிறந்த வீட்டைச் சாட ஒரு பலாச்சுளையையே பயன்படுத்திவந்தவர், அன்றைக்குச் சாய்ந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த என் அப்பாவின் பக்கத்தில் தாமும் உட்கார்ந்து, 'மறுபடி வைக்கலாம் மாமா' என்றார். வைக்கவும் வைத்தார். கன்றுகள் காய்ப்புக்கு வந்த வருடத்திலிருந்து அவற்றை 'என் மரங்கள்' என்று சொல்லிக்கொள்கிறார். பழத்தை அக்கம்பக்கத்தில் கொடுக்கும்போது 'என் மாமனார் வீட்டுது' என்று ஒரு தடவையாவது சொல்கிறாரா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி, போன ஆவணியில் நடந்ததற்கு வருகிறேன். என் கணவரின் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை எங்களுக்கு மகன் முறை. இடம், வேறெங்கே, திருவந்திபுரம்தான். பெரிய முகூர்த்தம் என்பதால் சாலையில் வேன்கள் அசையவில்லை. நாங்கள் ஆட்டோவைப் பாதியிலேயே விட்டுவிட்டு நடந்தோம். முழங்கால் வலியால் அவர் மலைப்படி ஏற மாட்டார். 'நீ மேலே போய்த் தாலி கட்டுறதைப் பார்த்துட்டு வா. நான் மொய்யை எழுதிட்டு முதல் பந்தியில இடம் பிடிச்சு வைக்கிறேன்' என்றார். முதல் பந்தி என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே சொன்னாரா, வாயில் வந்ததா என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

மேலே ஒரு மேளம் ஓய்வதற்குள் இன்னொரு மேளம் கொட்டியது. எங்கள் பிள்ளை கட்டும்போது சரியாக எனக்கு முன்னால் ஒரு வீடியோக்காரர் குடையை விரித்தார். அட்சதையைக் குத்துமதிப்பாக ஒரு திசையில் போட்டுவிட்டு, பசியோடு மற்றவர்களுக்கு முன்பே இறங்கிவிட்டேன். கைப்பேசியில் வழி கேட்டால், 'வாசல்ல வாழைமரம் கட்டின மண்டபம்' என்கிறார். அந்தத் தெருவில் வாழைமரம் கட்டாத வாசல் ஒன்று இருந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பதுதான் எளிது. கடைசியில் அவரே வெளியே வந்து கையை ஆட்டினார்.

உள்ளே பந்தி நிறைந்திருந்தது. நடுவில் ஒரு நாற்காலியில் மட்டும் அவருடைய கட்டம்போட்ட கைக்குட்டை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. எதிரே இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கேசரி விழுந்திருந்தது. அடுத்த இலையில் அவருடைய கேசரியும் தொடப்படாமல் இருந்தது. 'உட்காரு' என்றார். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, 'பாயசமும் இருக்காம், கேட்டு வச்சிருக்கேன்' என்றார்.

கண் கலங்கியது என்று எழுதினால் எல்லோரும் நம்புவார்கள். உண்மையில் எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. இத்தனை காலம் பாதுகாத்த ஒரே சொத்தை இந்த மனிதர் ஒரு கைக்குட்டையைப் போட்டுத் தீர்த்துவிட்டாரே, இனி சண்டை வந்தால் நான் எங்கிருந்து தொடங்குவேன் என்ற திகைப்போடுதான் பொங்கலில் கை வைத்தேன். பொங்கல் நன்றாக இருந்தது. மிளகு கொஞ்சம் அதிகம்.

இரண்டாவது வடை வரும்போதுதான், பந்தியில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்பது உறைத்தது. 'நம்ம ஜனம் யாரையும் காணோமே' என்றேன். 'எல்லாரும் மலையில இருப்பாங்க' என்றார். அந்த நேரம் பார்த்து மணமக்கள் இறங்கி வந்துவிட்டார்கள் என்று வாசலில் மேளம் முழங்கியது. மாலையும் கழுத்துமாக உள்ளே வந்த மாப்பிள்ளையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. என் கணவர் சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, மாப்பிள்ளையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, வாயில் இருந்த கேசரியை விழுங்கிவிட்டு, 'பேரு ஒண்ணுதான்' என்றார். வாசல் பேனரில் இருந்த மாப்பிள்ளையின் பெயரும் எங்கள் பிள்ளையின் பெயரும் ஒன்று. பெயரை மட்டும் படித்திருக்கிறார். படத்துக்குக் கண்ணாடி தேவைப்பட்டிருக்கிறது. பணிக்காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் இருந்து, ஒரு ரூபாய் உதைத்தாலும் இரவு வீட்டுக்கு வராதவர், 2001 ரூபாயை முன்பின் தெரியாத குடும்பத்துக்கு மொய்யாக எழுதிவிட்டு, ஊர் பெயரையும் தெளிவாகச் சொல்லி, வெற்றிலைப் பாக்குப் பையும் வாங்கி வைத்திருந்தார்.

பணத்தைத் திருப்பிக் கேட்பதா விடுவதா என்று நாங்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்ததைப் பெண்ணின் தகப்பனார் கவனித்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பந்தியே திரும்பிப் பார்த்தது. 'எழுதினதை அடிக்கக் கூடாதுங்க, மங்கலம் இல்லை. உங்க வீட்டு விசேஷத்துக்குச் சொல்லுங்க, நாங்க வந்து செய்யறோம்' என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் என்ன கேட்பது? பாயசம் வரும்வரை உட்காரவைத்தார்கள். நன்றாகவே இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சரியான மண்டபம் நான்கு வாசல் தள்ளி இருந்தது. மொய் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் சட்டைப் பையைத் தடவினார். ஆட்டோவுக்கு மட்டும்தான் இருந்தது. நான் என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நோட்டுடன் உட்கார்ந்திருந்த பையன், 'யார் பேர் போடறதுங்க அத்தை?' என்றான். இத்தனை கல்யாணத்துக்குப் போய்வந்தும் என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது. என் பெயரைச் சொன்னேன். மஞ்சக்குப்பம் என்று ஊரையும் சொன்னேன். பையன் எழுதிக் கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான்.

என் கணவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில், 'என் பேரையும் சேர்த்திருக்கலாம்' என்றார். இரவு சாப்பிடும்போது, 'என் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணம்' என்று மறுபடி தொடங்கினார். மறுநாள் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னார். தீபாவளிக்கு வந்த மருமகனிடம் சொன்னார். சொல்லச் சொல்லக் கதையில் நான் பேனாவையே பிடுங்கி எழுதியதாக ஆகிவிட்டது. அத்தையின் குரலைப் போல என் குரலையும் பேசிக் காட்டுவாரோ என்று பார்த்தேன். இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை, காரம் குறையாமல் இருக்கிறது.

இந்த மாதம் அந்தப் பெண்ணின் தகப்பனார் வீட்டிலிருந்து புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வந்திருக்கிறது. நேரில் வந்து, தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போவது என்று முடிவாகிவிட்டது. மொய்யை இரண்டு பேர் பெயரிலும் எழுதுவது என்பதிலும் தகராறு இல்லை. யார் பெயரை முதலில் எழுதுவது என்பதில்தான் நிற்கிறது. காலையிலிருந்து அவர் காலண்டரோடு பேசிக்கொண்டிருக்கிறார்.