ஓரத்தில் விழுந்த கட்டைவிரல்

நான் வேலை செய்த பல்கலைக்கழக நூலகத்தில் போட்டோகொப்பி மெஷினுக்கு மேலே ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கும். 'ஓர் அத்தியாயம் அல்லது நூலில் பத்து வீதம் மட்டும்.' மும்மொழியிலும் இருக்கும். தமிழில் 'அத்தியாயம்' என்ற சொல்லில் ஒரு கால் விழுந்து 'அத்தியயம்' ஆகிவிட்டிருந்தது. நான் ஓய்வுபெறும்வரை அப்படியேதான் இருந்தது. கொழும்பில் தமிழ் அறிவித்தல் ஒன்று பிழையில்லாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

அந்தப் பத்து வீதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு முன்பு கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டேன். "நான் வரேக்கையே இருந்தது" என்றார். நான் சேர்ந்து சில வருடங்களில் பதிப்புரிமையையும் உள்ளடக்கிய 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. எங்களை ஒரு செயலமர்வுக்கு அனுப்பி, சட்டத்தின் பிரதி ஒன்றைக் கையில் தந்தார்கள். அதுவும் போட்டோகொப்பிதான். சட்டங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போய், அனுமதி கேட்காமல் எதையெல்லாம் பிரதி எடுக்கலாம் என்று சொல்லும் பன்னிரண்டாம் பிரிவைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பத்து வீதம் இல்லை. எந்த வீதமும் இல்லை. ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு வெளியான நூலிலிருந்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மெஷினில் முழு நூலையோ அதன் கணிசமான பகுதியையோ எடுக்க முடியாது. இலாப நோக்கமில்லாத கல்வி நிறுவனம் வகுப்பறைத் தேவைக்குக் கட்டுரைகளையும் குறுகிய பகுதிகளையும் பிரதி பண்ணலாம், நோக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மட்டும். நூலகம், கேட்டு வந்தவரின் படிப்புக்கு என்று நம்பினால், அவருக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம். 'குறுகிய' என்றால் எத்தனை பக்கம், 'கணிசமான' என்றால் எத்தனை பக்கம் என்பதெல்லாம் வாசிப்பவர் தலையில். ஆனால் வேண்டுமென்று மீறினால் வரும் தண்டனையில் இலக்கம் தெளிவாக இருந்தது: 5 இலட்சம் ரூபா வரை அபராதம், 6 மாதச் சிறை, அல்லது இரண்டும். எங்கள் நூலகத்தில் யாரோ பயந்து ஒரு கோடு கீறியிருக்கிறார்கள், அதுதான் பத்து வீதம் என்று நினைத்துக்கொண்டேன். கோடு பிழை என்று சொல்லமாட்டேன். கவுண்டரில் நிற்பவருக்கு ஒரு கோடு வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாணவருடனும் நின்று வழக்காட வேண்டும்.

அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தடை மெஷினுக்குத்தான். ஹட்டன் பக்கத்து மாணவன் ஒருவன் மறுபதிப்பே வராத ஒரு நூலைக் கேட்டு வந்தான். முழுதாக எடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டேன். மூன்று கிழமை, நாளும் பின்னேரம் ஜன்னலோர மேசையில் இருந்து, கையாலேயே எழுதி முடித்தான். மூன்று சீஆர் கொப்பி. சட்டத்தை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவனைக் குற்றம் சொல்ல எனக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. பரீட்சையில் அவனுக்கு நல்ல சித்தி என்று பிறகு கேள்விப்பட்டேன், எழுதி எழுதிப் படித்தவன்தானே.

விரிவுரையாளர்களின் தொல்லை வேறு விதம். ஒவ்வொரு செமஸ்டரும் தொடங்கும்போது ஒரே அத்தியாயத்துக்கு 60 பிரதி கேட்டு ஒரு துண்டு வரும். வகுப்பறைத் தேவைக்கு எடுப்பது தனித்த நிகழ்வாக இருக்க வேண்டும், திரும்ப எடுத்தாலும் அது ஒன்றோடொன்று தொடர்பில்லாத சந்தர்ப்பமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வருடா வருடம் அதே வகுப்புக்கு, அதே அத்தியாயத்தை, அதே மெஷினில் எடுப்பதில் தொடர்பில்லாதது என்ன? உதவி நூலகரிடம் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் வந்து ஒவ்வொருவராக எடுக்கட்டும்" என்றார். ஒரு துண்டு அறுபது துண்டு ஆனது. மெஷினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

2016இல் மாணவர்கள் கைத்தொலைபேசியைக் காட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். டில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்ற போட்டோகொப்பிக் கடை மீதும் அந்தப் பல்கலைக்கழகம் மீதும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் போட்ட வழக்கை டில்லி உயர்நீதிமன்றம் அந்த செப்டெம்பரில் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் வந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பும், பாடத்துக்குத் தேவையானது எதுவோ அதுவே அளவு, பக்கக் கணக்கு இல்லை என்ற போக்கில் போனது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன. "மிஸ், இந்தியாவில வெண்டிட்டினம், இனி எங்களுக்கும் அடிச்சுத் தாங்கோவன்" என்று ஒரு தம்பி நின்றான். அது அவர்களுடைய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின்போது பிரதி எடுப்பதற்கு அங்கே தனி வாசகம் இருக்கிறது, எங்கள் சட்டம் அப்படி எழுதப்படவில்லை என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப அங்க போய்ப் படிச்சிருக்கலாம்" என்றான்.

பிரதி எடுத்தது நியாயமான பயன்பாடுதானா என்று பார்க்க, எங்கள் சட்டம் பதினோராம் பிரிவில் அமெரிக்கர்களின் நான்கு அளவுகோல்களை எடுத்து வைத்திருக்கிறது: என்ன நோக்கம், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தது, அதனால் நூலின் சந்தைக்கு என்ன ஆகும். எல்லோரும் பேசுவது மூன்றாவதைப் பற்றித்தான், பக்கத்தை எண்ணலாம் என்பதால். எனக்கு உறுத்தியது நான்காவது. பதினைந்தாயிரம் ரூபா விலையுள்ள ஆங்கிலப் பாடநூலில் ஓர் அத்தியாயம் எடுக்கும் மாணவி அந்த நூலை எந்தக் காலத்திலும் வாங்கப் போவதில்லை. அவள் பிரதி எடுத்ததால் ஒக்ஸ்போர்டில் ஒருவருக்கும் சோறு குறையாது. ஆனால் எங்கள் தமிழ்ப் பாடநூல்? 500 பிரதி அச்சிட்டால் பெரிய காரியம். தமிழ்மூல வகுப்பு ஒன்றில் நாற்பது பேர் பிரதி எடுத்தால் அந்தப் பதிப்பு அங்கேயே இருந்துவிடும். ஆங்கில நூலின் முன்பக்கத்து எச்சரிக்கையைப் பார்த்துத் தயங்கும் பிள்ளைகள் தமிழ் நூலை ஒரு தயக்கமும் இல்லாமல் நீட்டுவார்கள். நானும் அப்படித்தான் வாங்கி வைப்பேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். சேர் என்றே வைத்துக்கொள்வோம். தமிழில் அந்தப் பாடத்துக்கு இருந்த ஒரே நூல் அவருடையது. கைக்காசு போட்டுக் கொட்டாஞ்சேனையில் அச்சிட்டார். 212 பக்கம், 650 ரூபா. எங்களுக்கு இரண்டு பிரதி அன்பளிப்பாகத் தந்தார். இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் வாசிக்கத் தரும் 'நூலகம்' திட்டத்தில் கிடைக்காத தமிழ் நூல்தான் பெரும்பாலும் என் கவுண்டருக்கு வரும். இது வந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் எட்டுப் பேர் எட்டுத் துண்டோடு வந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அத்தியாயம், எல்லாம் ஒரே நூலில். நூலில் இருந்ததே எட்டு அத்தியாயம். அறிவித்தலின்படி ஒரு துண்டிலும் குற்றமில்லை. எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். பசை கட்டுப் புத்தகம், விரித்து அமுக்கினால் முதுகு வெடித்துவிடும். மூடியைப் போடாமல், கண்ணாடியில் கவிழ்த்து, ஒரு கையால் முதுகைத் தாங்கி, மற்றக் கட்டைவிரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். பச்சை வெளிச்சம் கண்ணில் அடிக்க அடிக்க நூற்றாறு தரம்.

2022 வந்தது. அந்த மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். எங்கள் கவுண்டரில் 3 ரூபாவாக இருந்த பக்கம் 10 ரூபா ஆனது. பிள்ளைகள் வருவது குறைந்தது, ஆனால் அந்த நூலுக்கு மட்டும் வந்தார்கள். மூலப்பிரதி நைந்துவிட்டதால் எட்டுத் துண்டில் எடுத்த கொப்பியில் இருந்தே கொப்பி எடுக்கப்பட்டது.

அடுத்த வருடம் சேர் ஏதோ தேட வந்தார். கவுண்டரில் நின்ற ஒரு மாணவிக்கு அவர் யார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து ஸ்பைரல் பைண்டிங் பண்ணிய கொப்பியை எடுத்து, "சேர், எங்கட பட்ச் முழுக்க இதிலதான் படிக்கிறது. ஒரு சைன் வச்சுத் தாங்கோ" என்றாள். கள்ளம் ஒன்றும் இல்லை, அவ்வளவு மரியாதையோடு நீட்டினாள்.

சேர் வாங்கிப் பார்த்தார். "எவ்வளவு முடிஞ்சது பிள்ளை?"

"பைண்டிங்கோட ஆயிரத்து இருநூறு சேர்."

"என்ர கட்டிலுக்குக் கீழ நூற்றி நாற்பது கிடக்குது. அறுநூற்றி ஐம்பதுதான்."

"ஐயோ, கடையில ஒண்டிலயும் இல்லையே சேர்."

அவள் சொன்னது உண்மை. சேருடைய வீடு வெள்ளவத்தையில், நூலகத்தில் இருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். அன்பளிப்புப் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே அவருடைய தொலைபேசி இலக்கம் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்காவது அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. துண்டை வாங்குவது, பக்கத்தை எண்ணுவது, காசை வாங்குவது. என் வேலை அதோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

சேர் பக்கங்களைப் புரட்டினார். நடுவில் கறுப்புப் பட்டை, மூலையில் எங்கள் நூலக முத்திரை, வலது ஓரத்தில் ஒரு கட்டைவிரல். அடுத்த பக்கத்திலும் அதே விரல். "இந்தப் புத்தகத்தை என்னை விடக் கூடத் தொட்டது இந்த ஆள்தான்போல" என்று சிரித்தார். நான் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன். அவர் முதற்பக்கத்தில் கையொப்பம் வைத்து, திகதியும் போட்டு, அவளிடம் கொடுத்தார்.

அடுத்த கிழமை இருபது பிரதியை ஒரு சீலைப் பையில் கொண்டுவந்தார். அரச நிறுவனத்துக்குள் தனியார் நூல் விற்க முடியாது என்று மேலிடம் திருப்பி அனுப்பிவிட்டது. பக்கத்துக்குப் பத்து ரூபா வாங்கி அதே நூலைப் பிரதி எடுத்துக் கொடுக்க முடிந்த இடத்தில்.

அன்றைக்குத்தான் 'அத்தியயம்' அறிவித்தலுக்குக் கீழே ஒரு துண்டு ஒட்டினேன். நூலின் பெயர், விலை, சேரிடம் கேட்டு வாங்கிய இலக்கம். ஒருவரும் கிழிக்கவில்லை. செமஸ்டர் முடியப் பதினொரு பேர் எடுத்துக் கதைத்ததாகச் சேர் சொன்னார். பன்னிரண்டாவது ஆள், முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் போட ஏலுமோ என்று கேட்டவராம்.