அந்த 'உம்ம்'

மே 3
சப்வூஃபரில் (கட்டை ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) மறுபடி 'உம்ம்'. ரிசீவரில் (டிவி, பிளேயர் எல்லாவற்றின் ஒலியையும் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் வால்யூமைத் தாண்டிய இடத்தில்தான் நுழைகிறது. ஐயா கட்டிலை இது இருக்கிற பட்டாலைக் கூடத்தில்தான் போடப்போகிறார்கள். அவர் வர இன்னும் ஒன்பது நாள்.

மே 4
கத்திரி தொடங்கியாச்சு. எதையும் தொடவில்லை.

மே 5
ரிசீவரிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரைச் சப்வூஃபரிலிருந்து உருவியதும் நின்றது. உள்ளே கெப்பாசிட்டர் போயிருந்தால் ஒயர் இல்லாமலும் 100 ஹெர்ட்ஸில் இரையும். இது அதைவிடக் கட்டை, 50. அடுத்து ஒயரைச் சப்வூஃபரில் மாட்டி, ரிசீவர் பக்க முனையில் நடுக்கம்பியையும் அதைச் சுற்றிய கம்பி வலையையும் சேர்த்து முறுக்கினேன். சத்தமில்லை. ஒயர்மேல் பழி இல்லை.

மே 6
ரிசீவரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பிளேயர்: உம்ம். டிவி: உம்ம். செட்டாப் பாக்ஸில் தெருக் கேபிளைத் திருகிக் கழற்றினேன், பட்டென்று அமைதி. மூன்று பின் இருப்பது சப்வூஃபருக்கு மட்டும். மற்றதெல்லாம் இரண்டு பின். வீட்டு எர்த், சப்வூஃபர், ஆர்சிஏ வலை, ரிசீவர், எச்டிஎம்ஐ, செட்டாப் பாக்ஸ், கேபிள் வலை, தெருவில் கேபிள்காரர் ஆம்ப்ளிஃபயரின் எர்த் என்று ஒரு வளையம். இரண்டு எர்த்துக்கும் வோல்ட் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசம் ஆர்சிஏ வலை வழியே ஓடி, பாட்டோடு சேர்ந்து கேட்கிறது.

ஒயர்மேன் யோசனை: "மூணாவது பின்னை ஒடிச்சிருங்கண்ணே." ஒடித்தாலும் சத்தம் நிற்கும்தான். ஆனால் உள்ளே ஒருநாள் லீக் ஆனால் பின்தகட்டில் 230 வோல்ட் நிற்கும். ஆத்தங்குடிக் கல்லில் எல்லாரும் வெறுங்காலோடு நடக்கிற வீடு. முடியாது.

மே 7
கழற்றிய தெருக் கேபிளின் வலைக்கும் வீட்டு எர்த்துக்கும் நடுவே 3.4 வோல்ட் ஏசி. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டும் இறங்கவில்லை. நிஜம். தனியாக எடுத்த செட்டாப் பாக்ஸின் உறை 90 காட்டியது. அதே ரெசிஸ்டர் போட்டதும் ஒன்றுக்கும் கீழே. அது அடாப்டர் கசிவு, வெறும் பூச்சாண்டி.

மே 8
கரியும் உப்பும் போட்ட எர்த் குழி காய்ந்து கிடக்கிறது. சரளை மண், எத்தனை நாள் ஈரம் தாங்கும்? ஆறு குடம் ஊற்றினேன். 3.4 என்பது 2.1 ஆனது. உம்ம் குறைந்தது, போகவில்லை.

மே 9
ஆர்சிஏ வழியில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரண்டு பக்கத்தையும் கம்பித் தொடர்பில்லாமல் பிரிப்பது) போடலாம். ஆனால் மலிவான சின்னக் கோர் கீழ் பேஸைத் தின்றுவிடும். சப்வூஃபருக்கு அதுதானே சோறு. வளையத்தைக் கேபிள் வழியில் வெட்டுவதே சரி. 75-300 ஓம் பேலன் (ஆன்டெனா ஒயருக்கான குட்டி டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டை, 300 பக்கம் சேர்த்து, முதுகோடு முதுகாக. முதல் ஜோடி வீண்: இந்தப் பக்க வலைக்கும் அந்தப் பக்க வலைக்கும் மல்டிமீட்டர் 'பீப்' என்றது. அது கத்தினால் வளையம் அறுபடவில்லை. இரண்டாவது ஜோடி கத்தவில்லை. (டிஷ் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு 13, 18 வோல்ட் டிசி அதே ஒயரில்தான் மேலே ஏற வேண்டும்.)

மே 10
அமைதி. இரண்டு சேனலில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டரில் வலையின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மே 11
இப்போது 'ர்ர்ர்'! ஃபேன் இரண்டில் ஓடினால் மட்டும். முழு வேகத்தில் இல்லை. ரெகுலேட்டருக்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச், கரண்டு அலையை நறுக்குகிற சத்தம். கெப்பாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் வாங்க வேண்டும். ஐயாவுக்கு இரண்டில்தான் ஃபேன் ஓட வேண்டும்.

மே 12
ரெகுலேட்டர் மாற்றியாச்சு. குழிக்கு நாலு குடம். கார் திருப்பத்தூர் தாண்டிவிட்டதாம்.