137 லிட்டர்: பினாங்கு, உப்புநீர்த் தொட்டி நாட்குறிப்பு

ஜனவரி 12, 2025, ஞாயிறு

கடையில் சொன்னது 182 லிட்டர். 90 × 45 × 45 சென்டிமீட்டரைப் பெருக்கினால் வருகிற கணக்கு அது. கண்ணாடி 10 மில்லிமீட்டர். நீர்மட்டம் விளிம்புக்கு 4 சென்டிமீட்டர் கீழே. அடியில் 3 சென்டிமீட்டர் மணல், 15 கிலோ பாறை. பத்து லிட்டர் வாளியில் எண்ணி எண்ணி ஊற்றினேன். பதின்மூன்று வாளி முழுதாக, பதினான்காவதில் ஏழு லிட்டர். ஆக 137. நாலில் ஒரு பங்கு காகிதத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

இனி உப்பு, மருந்து, மீன் எல்லாக் கணக்கும் 137-க்குத்தான்.

எடை: தண்ணீர் 140 கிலோ, கண்ணாடி 40, பாறையும் மணலும் 32, ஸ்டாண்டு 35. கிட்டத்தட்ட 250. சுவரோரம், பீமுக்கு மேலே வைத்தாயிற்று. ஸ்டாண்டின் நாலு மூலையிலும் நீர்மட்டக் கோல் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் 2 மில்லிமீட்டர் தாழ்வு, தகடு கொடுத்துச் சரிசெய்தேன்.

ஜனவரி 13

உப்பு 5 கிலோ. ஆர்ஓ தண்ணீரில் மட்டும். லிட்டருக்கு 37 கிராம் போட்டால் உப்புத்தன்மை (ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது) 35 வருகிறது.

ஜனவரி 15

அம்மோனியம் குளோரைடு 0.86 கிராம். 137 லிட்டரில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா வர இவ்வளவு போதும். சைக்கிள் ஓட்ட, அதாவது அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்க, மீனை விடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. கடல்நீரின் பிஎச் 8.2. அந்த அளவில் அம்மோனியாவின் விஷமான பங்கு, பிஎச் 7-ல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். செவுள் வெந்துபோகும். தூள் இருக்கும்போது உயிர் எதற்கு?

புது மீனை முதலில் தனியே வைத்துப் பார்க்கிற தனிமைத் தொட்டிக்கான பஞ்சு ஃபில்டரையும் இதிலேயே போட்டிருக்கிறேன். இங்கேயே பாக்டீரியா ஏறட்டும்.

ஜனவரி 19

கடையில் அந்த நீல மீன் குட்டி. 4 சென்டிமீட்டர்தான் இருக்கும். வால் மஞ்சள். சின்னவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். "மூணடித் தொட்டிக்குத் தாராளம்" என்றார் கடைக்காரர். அங்குலக் கணக்கும் சொன்னார்: ஐந்து கேலனுக்கு ஒரு அங்குலம் மீன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 137 லிட்டர் என்றால் 36 கேலன், ஏழு அங்குலம். நீல டாங், அதாவது பாராகாந்துரஸ் ஹெப்பாட்டஸ், வளர்ந்தால் 30 சென்டிமீட்டர், 12 அங்குலம். அங்குலக் கணக்குப்படி அதற்கு 60 கேலன், 227 லிட்டர். நாலடித் தொட்டியில் வந்துவிடும். நாலடியில் அந்த மீன் என்ன செய்யும்? உடம்பைப் போல நாலு மடங்கு நீளம்தான் இருக்கும். வேகம் எடுக்கும் முன்னே கண்ணாடி வந்துவிடும்.

கணக்கு எங்கே உடைகிறது என்றால், மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. ஓர் அங்குல மீன் பன்னிரண்டை ஒன்றாகச் சேர்த்தாலும், அதே உருவமுள்ள 12 அங்குல மீன் ஒன்றின் எடையில் 144-ல் ஒரு பங்குதான். தின்பதும் கழிப்பதும் மூச்சு விடுவதும் அந்த எடையை ஒட்டித்தான். சின்ன மீன்களுக்கு ஓரளவு பொருந்துகிற கணக்கைப் பெரிய மீனிடம் கொண்டுபோகக் கூடாது.

அதற்கு வேண்டியது ஆறடி நீளம், 680 லிட்டர் பக்கம். "பெரிசானா மாத்திக்கலாம்" என்கிறார்கள். மாற்றுவதற்குள் இடமில்லாத மீன் அழுத்தத்தில் இருக்கும். டாங் வகைக்கு வெண்புள்ளி நோய் மற்றவற்றைவிடச் சீக்கிரம் ஒட்டும். அந்த அழுத்தம் அதற்கு வாசல் திறந்துவிடுகிறது.

சின்னவளிடம் முடியாது என்று சொல்லியாயிற்று. ஏன் என்று கேட்டாள். கூடத்தில் ஸ்கேலால் 180 சென்டிமீட்டர் அளந்து காட்டினேன்.

ஜனவரி 24

பிற்பகல் 2 மணி, 31.2 டிகிரி. விசிறி வைத்தால் 28.4. மழை பிடித்தால் அதே விசிறியில் 29.5. காற்றே ஈரமாக இருந்தால் தண்ணீர் எப்படி ஆவியாகும்? ஆவியானால்தானே சூடு இறங்கும்.

இன்னொன்று: விசிறி ஓடினால் நாளைக்கு 3 லிட்டர் போகிறது. போவது தண்ணீர், உப்பு அப்படியே நிற்கிறது. ஒரே நாளில் 35 என்பது 35.8. கவனிக்காவிட்டால் இரண்டு நாளில் 36.6. ஈடு செய்வது ஆர்ஓ தண்ணீரால், உப்புநீரால் அல்ல.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கத்தான் வேண்டும். பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன் போதும். கேபினெட்டுக்குள் வைத்தால் தன் சூட்டையே தானே உறிஞ்சி ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே வைக்க வேண்டும்.

ஜனவரி 29

சீனப் புத்தாண்டு. கடைகள் மூடல். ஆர்ஓ 40 லிட்டர் முன்பே பிடித்து வைத்தது நல்லதாயிற்று. அம்மோனியா 0.25. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றிய நைட்ரைட் கரு ஊதா, சோதனை அட்டையில் அதற்கு மேல் நிறமில்லை.

நைட்ரைட் இருக்கும்போது, அது கடைசியில் மாறுகிற நைட்ரேட்டைச் சோதிப்பது வீண். சோதனைக் குப்பி ஏமாற்றும், கூட்டிக் காட்டும்.

பிப்ரவரி 2

தானாக நீர் சேர்க்கும் மிதவை சிக்கிக்கொண்டது. உப்புப் பொருக்குதான், சீரகம் அளவு. ஆர்ஓ பீப்பாய் முழுவதும் உள்ளே போய்விட்டது. காலையில் உப்பு 32.6.

பீப்பாய் 10 லிட்டர் என்பதால் இதோடு நின்றது. விளிம்பில் விட்ட 4 சென்டிமீட்டரில் 15 லிட்டர் கொள்ளும். தரையில் ஒரு சொட்டு இல்லை. 40 லிட்டர் பீப்பாய் இணைத்திருந்தால் கூடமும் போயிருக்கும், மீன் இருந்திருந்தால் அதற்கும் ஆபத்து. அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தாலும் சின்னப் பீப்பாய்தான். மிதவையை வாரம் ஒருமுறை வினிகரில் கழுவ வேண்டும்.

உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரை 35 திரவத்தில் சரிபார்த்தேன். ஆர்ஓ தண்ணீரில் சுழியம் காட்டுகிறதே என்று நம்பினால் 35 பக்கம் தவறலாம்.

பிப்ரவரி 11

தைப்பூசம். தண்ணீர்மலைப் பக்கம் சாலை மூடல். உப்பு 35. சில்லரில் 26.2 டிகிரி.

பிப்ரவரி 16

நேற்று இரவு 2 பிபிஎம் அம்மோனியா போட்டேன். இன்று இரவு அம்மோனியா 0, நைட்ரைட் 0. முப்பத்திரண்டு நாள்.

மணலெல்லாம் பழுப்பு. டயாட்டம் என்னும் நுண்பாசி, புதுத் தொட்டிக்கு வருவதுதான். சுரண்ட வேண்டாம், ட்ரோக்கஸ் நத்தை நாலு போதும்.

நைட்ரேட் 40. நாளை பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். உப்பை முதல் நாளே கரைத்து, பம்ப் ஓடவிட்டு, அதே 26 டிகிரிக்குக் கொண்டுவந்து.

பிப்ரவரி 18

பட்டியலை நாலு தடவை எழுதி நாலு தடவை அடித்தேன்.

கோமாளி மீன் (நீமோ) இரண்டு. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக. குட்டியில் எல்லாமே ஆண்தான், பெரியது பெண்ணாக மாறும். சமமாக இரண்டு எடுத்தால் யார் பெரியவர் என்று தீரும்வரை சண்டை. மூன்று வேண்டாம், மூன்றாவது மூலையில் கிழிபடும். வளர்ப்புக் குஞ்சாக வாங்க வேண்டும்: உலர் தீவனம் தின்னப் பழகியது, கடலிலிருந்து பிடித்ததும் இல்லை.

ஃபயர்ஃபிஷ் ஒன்று. மஞ்சள் கோபி ஒன்று, கூடவே பிஸ்டல் இறால். ஆக நாலு மீன். நாலே நாலு.

டாம்சல் விலை குறைவு, சாகாது. அதனாலேயே பலர் முதலில் அதை விடுகிறார்கள். முதலில் வந்தது தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு அடுத்து வருவதையெல்லாம் விரட்டும். பிறகு அதைப் பிடிக்கப் பாறையைப் பிரிக்க வேண்டும். வேண்டாம். மாண்டரின் அழகுதான், ஆனால் நாள் முழுக்கப் பாறையில் கோப்பிபாட் என்னும் பொடி ஓட்டுயிரிகளைக் கொத்தித் தின்னும் மீன். பழகிய 300 லிட்டர் தொட்டியிலேயே சிரமம். இங்கே கண்முன் மெலிந்து சாகும்.

வரிசை: கூச்சமுள்ளது முதலில். ஃபயர்ஃபிஷ், பிறகு கோபி, கோமாளி கடைசியில். இடையில் மூன்று வாரமாவது. பாக்டீரியா வருகிற கழிவின் அளவுக்குத்தான் பெருகியிருக்கும், ஒரே நாளில் நாலையும் கொட்டினால் தாங்காது.

ஃபயர்ஃபிஷ் தனிமைத் தொட்டிக்கு வந்தாயிற்று. 45 லிட்டர், பிவிசி குழாய்த் துண்டு இரண்டு, மணல் இல்லை. முப்பது நாள். அதுவரை பெரிய தொட்டிக்கு வாரம் இருமுறை 1 பிபிஎம் அம்மோனியா. பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாது.

அந்த நீலக் குட்டி இன்னும் கடையில்தான். வயிறு ஒட்டியிருக்கிறது.

பிப்ரவரி 21

தின்கிறது. குழாய்க்குள் இருந்து தலை மட்டும் வெளியே நீட்டி, மைசிஸ் என்னும் பொடி இறால் மூன்று.

மார்ச் 3

மேல்வீட்டுத் தம்பி வந்தார். "அண்ணே, நம்ம ரெண்டடித் தொட்டியில ஆறு நீமோ விட்டா தாங்குமா?"

"ரெண்டு விடுங்க தம்பி. அதோட நிறுத்திக்கோங்க."

"தண்ணி சுத்தமாத்தானே இருக்கு?"

தண்ணீர் சுத்தமாக இருக்கலாம். இடம்தான் பிரச்சினை. ஆறும் சின்னதாக இருக்கும்வரை கூட்டமாகத் திரியும். ஜோடி சேர்ந்ததும் மற்ற நாலுக்கும் ஓட இடமிருக்காது. சோதனைக் குப்பி அதைக் காட்டாது. தலையாட்டினார். வாங்குவார் என்றுதான் தோன்றுகிறது.

மார்ச் 9

இரவு 1.40-லிருந்து 3.50 வரை மின்சாரம் இல்லை. பேட்டரிக் காற்று பம்ப் தானாக ஓடியது. 26 டிகிரி கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 6.6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், நன்னீரில் 8-க்கு மேல். 30 டிகிரியில் 6.2. தொடக்கமே குறைவு. மேல்மட்டம் அசையாமல் நின்றால் மீன் அதிகமுள்ள தொட்டிதான் முதலில் போகும். எத்தனை மீன் தாங்கும் என்ற கேள்வியை மின்சாரம் இல்லாத இரவை வைத்துத்தான் கேட்க வேண்டும்.

45 லிட்டரில் ஒரே மீன். 27.1 வரை ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. நாலு மணிவரை டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 20

ஃபயர்ஃபிஷ் பெரிய தொட்டிக்கு. மூடி வலை 6 மில்லிமீட்டர் கண்ணி. பம்ப் ஒயர் போகிற மூலையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது, அதையும் தைத்தேன். இந்த மீன் குதிக்க அவ்வளவு போதும். விளக்கு அணைந்த நேரத்தில்தான் விட்டேன்.

மார்ச் 21

காணவில்லை. தரையில் இல்லை. அம்மோனியா 0.

மார்ச் 22

வலப்பக்கப் பாறைக்குக் கீழே. முதுகுத் துடுப்பின் அந்த நீண்ட முள்ளை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. கோபி இன்று தனிமைத் தொட்டிக்கு.

மார்ச் 26

நீலக் குட்டி இருந்த தொட்டி காலி. விற்றுவிட்டது என்றார். எத்தனை அடித் தொட்டிக்கு என்று கேட்டேன். தெரியாது என்றார்.

மார்ச் 29

உப்பு 35. 26.4 டிகிரி. கோபி தின்றது. 13 லிட்டர் மாற்றினேன்.